சிவப்பணுவை அளக்கும் கோல்

இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இத்தனை சிறியதை அளக்கும் கோல் மைக்ரோஸ்கோப்பின் கண்ணருகு லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது: சிறு வட்டக் கண்ணாடியில் பொறித்த நூறு பிரிவுகள்.

அந்தப் பிரிவுகளுக்கென்று நிலையான மதிப்பு கிடையாது. பொருளருகு லென்ஸை மாற்றினால் செல் பெரிதாகும். கோடுகள் அப்படியே நிற்கும். ஆகவே ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் என்று தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்லைடு அது; ஒரு பிரிவு 10 மைக்ரான். இரண்டு கோல்களின் இடது ஓரத்தையும் பொருத்திவிட்டு, வலப்பக்கம் எங்கே கோடும் கோடும் மறுபடி சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். 40 மடங்கு லென்ஸில் கண்ணருகு கோலின் 80 பிரிவும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரின் 20 பிரிவும் சேர்ந்தால், 200 மைக்ரானை 80 ஆல் வகுக்க, ஒரு பிரிவு 2.5 மைக்ரான். பக்கத்து மேசை மைக்ரோஸ்கோப்புக்கு இந்த எண் செல்லாது. மாணவர்களை இந்தப் படியைத் தாண்டவிட்டு விடையை மட்டும் எழுத வைப்பது பெரிய இழப்பு. அளவீடு என்றால் என்ன என்பது இங்கேதான் புரியும்.

10 மடங்கு லென்ஸில் ஒரு பிரிவு ஏறக்குறைய 10 மைக்ரான். சிவப்பணு ஒரு பிரிவைக்கூட நிரப்பாது. அரைப் பிரிவு தவறிப் படித்தால் 5 மைக்ரான் பிழை. 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் அதே தவறு அரை மைக்ரானோடு நின்றுவிடும்.

அதற்கும் மேலே போனால்? அதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1873இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். லென்ஸின் மேல் 100/1.25 என்று பொறித்திருப்பார்கள். அந்த 1.25, லென்ஸ் எவ்வளவு விரிந்த ஒளிக்கூம்பை வாங்கும் என்பதன் அளவு. பச்சை ஒளியின் அலைநீளமான 0.55 மைக்ரானை அந்த 1.25இன் இருமடங்கால் வகுத்தால் 0.22 மைக்ரான். அதைவிட நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். கண்ணருகு லென்ஸை 20 மடங்காக மாற்றினால் மங்கலும் சேர்ந்துதான் பெரிதாகும். செல்லின் விளிம்பு கோடாக இராமல் பட்டையாக விரியும். அதில் எங்கிருந்து அளப்பது?

பெரிய செல்லுக்கோ கணக்கே வேறு. 300 மைக்ரான் நீளமுள்ள வெங்காயத் தோல் செல் 100 மடங்கு லென்ஸில் முழுதாகத் தெரியாது; சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அப்போது பார்வைக்கு எட்டும் வட்டமே சுமார் 180 மைக்ரான்தான். ஸ்லைடை நகர்த்தித் துண்டு துண்டாக அளந்தால் பிழைகள் கூடிக்கொண்டே போகும். 10 மடங்கு லென்ஸில் அதே செல் 30 பிரிவு. அரைப் பிரிவு தவறினாலும் பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும்.