தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?

ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. அதன் பதிவேட்டில் ஒரு பையனின் பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1 என்று இருக்கிறது. அந்த ஒரு வரி, ஓர் உயிரின் விலை பெற்ற வரி. ஆனால் வழக்கு நடந்த காலத்தில் யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

1994 ஆகஸ்டில் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். பெண்களில் ஒருவர் கர்ப்பிணி. அந்த வழக்கில் பிடிபட்டவர்களில் ஒருவன்தான் இந்தப் பையன். போலீஸ் ஆவணத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர். 1998-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999-இல் உயர் நீதிமன்றமும் 2000-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் வயதைக் காரணம் காட்டிய மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புனே மாவட்ட நீதிபதி விசாரித்து அறிக்கை கொடுத்தார். 2023 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. சம்பவம் நடந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டரை. சிறார் சட்டப்படி அதிகபட்சமாக மூன்று ஆண்டுகள்தான் அவனைக் காப்பில் வைத்திருக்க முடியும். அவர் சிறையில் கழித்தது 28 ஆண்டுகளுக்கும் மேல்.

அந்தப் பதிவேட்டைத் தேடிப் போக வேண்டியவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். ஆனால் கொடூரக் குற்றம் ஒன்று நடந்ததும், ‘இவனுக்கெல்லாம் எதுக்கு வக்கீல்?’ என்ற கேள்வி டீக்கடையில் மட்டுமல்ல, சில சமயம் வழக்கறிஞர் சங்கங்களிலும் எழுந்துவிடுகிறது. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் இடையே மோதல் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று உள்ளூர் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது: நாட்டில் எந்த வழக்கறிஞர் சங்கம் இப்படித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது. நூரம்பர்க்கில் நாஜிப் போர்க் குற்றவாளிகளுக்கும் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாப்பின் தூக்கை 2012-இல் உறுதி செய்த தீர்ப்பிலும் இதே கவலை உண்டு. கைதானவரை முதன்முதலாக மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தும்போதே, அவருக்கு வழக்கறிஞர் உதவி உண்டு என்று சொல்வது மாஜிஸ்ட்ரேட்டின் கடமை என்று அதில் வலியுறுத்தப்பட்டது.

வழக்கறிஞர் இருந்தால் போதுமா? மத்தியப் பிரதேசத்தின் கந்த்வாவில் 2013-இல் ஒரு குழந்தைக் கொலை வழக்கு. குற்றச்சாட்டு பதிவான அதே நாளில்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். வழக்குக் கட்டைப் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. பதின்மூன்றே நாளில் தூக்குத் தண்டனை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை முழுவதுமாக ரத்து செய்து, முதலிலிருந்து நடத்தச் சொன்னது. இத்தகைய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்றது. ஏழு நாள் என்பதே எவ்வளவு குறைவு! அதைக்கூட ஒரு தீர்ப்பு எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் 2017-இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு தமிழ் வாசகர்களுக்கு மறந்திருக்காது. மறு ஆண்டே தூக்கு விதிக்கப்பட்டது; உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. சாட்சியங்களின் ஓட்டைகளோடு, விசாரணையின்போது அவருக்குச் சரியான சட்ட உதவி கிடைக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பெற்றோரின் கையில் கடைசியில் என்ன மிஞ்சியது? எதிர்த்தரப்பு வாதம் பலவீனமாக இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமல்ல, பறிகொடுத்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

இனி, அதிகம் பேசப்படாத பகுதி. கொலை வழக்கில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பானதும் விசாரணை முடிந்துவிடுவதில்லை. என்ன தண்டனை என்பதற்குத் தனியாக இன்னொரு விசாரணை நடக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2) பிரிவில் இதைச் சேர்த்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. அதே 1973 சட்டம் இன்னொன்றையும் தலைகீழாக்கியது. வெள்ளையர் காலத்துச் சட்டத்தில் கொலைக்குத் தூக்குதான் வழக்கம். தூக்கு கொடுக்காவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். இப்போது ஆயுள்தான் விதி. தூக்கு கொடுப்பதற்குத்தான் சிறப்புக் காரணம் வேண்டும்.

1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தூக்குத் தண்டனை செல்லும் என்றது. நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற சொற்றொடர் அங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு அது தொலைக்காட்சி விவாதங்களில் ‘அதிக கொடூரம்’ என்பதற்கு மாற்றுச் சொல்லாகிவிட்டது. தீர்ப்பு சொன்னது அதுவல்ல. குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும்: வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு. இவர் திருந்தவே மாட்டார், இனியும் சமூகத்துக்கு ஆபத்தானவர் என்பதை அரசுத் தரப்பு சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நடப்பில் என்ன? கூண்டில் நிற்பவரிடம் நீதிபதி கேட்பார்: ‘தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?’ அவர் கைகூப்புவார். ‘வயசான அம்மா இருக்காங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, பார்த்து கொடுங்கய்யா.’ வழக்கறிஞர் எழுந்து ‘முதல் குற்றம், குடும்பத்துக்கு இவர்தான் ஆதாரம்’ என்பார். அரசு வழக்கறிஞர் ‘கொடூரமான குற்றம், உச்சபட்ச தண்டனை வேண்டும்’ என்பார். பல வழக்குகளில் இவ்வளவும் சில நிமிடங்களில், குற்றவாளி என்று தீர்ப்பான அதே நாளில் முடிந்துவிடுகிறது. ஒரு மனிதனின் நாற்பது வருட வாழ்க்கையை, மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக அளந்துவிடுகிறோம்.

உண்மையில் அந்த நாளுக்கு எதிர்த்தரப்பு என்னென்ன கொண்டுவர வேண்டும்? பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டுகள், சிறுவயதில் பட்ட அடி, வீட்டில் இருந்த பட்டினி, மனநல மருத்துவரின் மதிப்பீடு, சிறையில் நடந்துகொண்ட விதம். இதற்கு யாராவது ஊருக்குப் போக வேண்டும். தாயிடம், வாத்தியாரிடம், பக்கத்து வீட்டாரிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டும். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். வழக்குச் செலவுக்கே வழியில்லாதவர்கள் இதற்கு எங்கே போவார்கள்?

2022 மே மாதம் நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு, மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் இந்தச் சுமையில் ஒரு பங்கை அரசின் தோளில் வைத்தது. மனநல மதிப்பீட்டையும் குடும்பப் பின்னணியையும் விசாரணைக் கட்டத்திலேயே அரசு தாக்கல் செய்ய வேண்டும், சிறை நடத்தை அறிக்கையும் வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை பற்றி வாதிட உண்மையான அவகாசம் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

விதிக்கப்பட்ட தூக்குகளில் எத்தனை நிலைத்தன என்று எண்களில் பார்த்தால் நடுக்கம் வரும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மேயில் உச்ச நீதிமன்றத்தில் அது நான்கானது. மூவருக்கு ஆயுள், 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். அந்த நால்வரும்கூடக் கடைசியில் தூக்கு மேடை ஏறவில்லை. மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஒரே வீட்டில் ஐவர் கொல்லப்பட்ட இன்னொரு வழக்கு. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்குத் தூக்கு. 2009-இல் உச்ச நீதிமன்றமே அறுவருக்கும் தூக்குதான் என்றது. பத்து ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில், அதே நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. சம்பவத்தில் உயிர் தப்பிய பெண், போலீஸ் வைத்திருந்த படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. விடுதலையானவர்களுக்கு அரசு தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. அவர்களில் ஒருவர், சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர் என்பது அதற்கு முன்பே தெரியவந்திருந்தது.