பதரும் மணியும்

நெற்கதிர் தலை சாய்ந்தால் உழவன் தலை நிமிரும். மணி பிடித்த கதிர் பாரத்தால் வளையும். பதரோ வளையாது நிற்கும்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலியன ஒரு காலத்தில் ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த ஊர்களாகும். இன்று அவ்வயல்களில் வீடுகள் எழுந்துள்ளன. விளைநிலம் சுருங்கினும் உண்போர் தொகை சுருங்கவில்லை. ஆதலின், எஞ்சிய நிலத்தில் மிகுதியாக விளைவிக்கும் வழிகளை அறிஞர் நாடினர். அவற்றுள் ஒன்று வீரிய ஒட்டு நெல்.

வேறுபட்ட இருவகை நெல்லைத் தக்கவாறு கலந்தால், முதல் தலைமுறைப் பயிர் பெற்றோரினும் செழித்து வளரும். ஆயின், நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. வயல் முழுதும் பூக்கும் எண்ணற்ற பூக்களின் மகரந்தத்தைக் கையால் நீக்குதல் இயலுமோ?

இவ்விடையூற்றைப் போக்க உதவியது ஒரு காட்டுநெற்செடி. 1970-ஆம் ஆண்டில், சீன அறிஞர் யுவான் லாங்பிங்கின் குழுவினர் அதனை ஹைனான் தீவில் கண்டனர். அதன் மகரந்தம் மலடாக இருந்தது. அம்மலட்டுத்தன்மை தாய்வழியே தொடர்வது. அதனைப் பெற்ற தாய்ப்பயிர், அயற்பயிரின் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும்.

ஆயினும், தாயின் மலடு சேயையும் பற்றுமாயின் உழவனுக்குக் கிடைப்பது பதரே அன்றோ? இதற்கு மருந்து தந்தைப்பயிரிடம் இருந்தது. சில நெல்வகைகளிலுள்ள மரபணுக்கள் அம்மலட்டை அடக்கி, மகரந்தத்தை மீண்டும் வளமுறச் செய்யும். அவற்றை வளமீட்பு மரபணுக்கள் எனலாம்.

இம்மரபணுவைக் கண்ணால் காண இயலாது. முன்னர், ஒவ்வொரு வகையையும் மலட்டுத் தாயோடு கலந்து, சேய்ப்பயிர் கதிர்விடும்வரை காத்திருந்தனர். பின்னர், மரபணுவின் இருப்பிடத்தையே தேடினர். கலப்புப் பயிரின் அடுத்த தலைமுறையில் வளமுள்ள செடிகளும் மலட்டுச் செடிகளும் பிரிந்து தோன்றும். அவற்றின் டி.என்.ஏ. அடையாளங்களை ஒப்பிட்டனர். வளத்தோடு இடையறாது சேர்ந்துவரும் அடையாளத்தின் அருகே மரபணு இருத்தல் வேண்டும். தெரு தெரிந்தால் வீட்டைக் காண்பது எளிதன்றோ? இவ்வாறு, நெல்லின் 12 இணைக் குரோமோசோம்களுள் முதலாவதில் ஆர்.எஃப்.3 என்பதும், பத்தாவதில் ஆர்.எஃப்.4 என்பதும் இருத்தல் புலனாயிற்று. இன்று நாற்றின் இலைத்துணுக்கு ஒன்றே இவற்றை ஆய்ந்தறியப் போதும்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டில் கோ.ஆர்.எச்.1 என்னும் வீரிய ஒட்டு நெல்லை வெளியிட்டது. அதன் தாயும் தந்தையும் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை.

இத்தகைய நெல்லின் விளைச்சலிலிருந்து விதை எடுத்தல் ஆகாது. மறுதலைமுறையில் வீரியம் குன்றும். வளமீட்பு மரபணுவைப் பெறாத செடிகள் பதராகும். எனவே, உழவர் ஆண்டுதோறும் புதுவிதை வாங்க நேர்கிறது. வறிய உழவர்க்கு அது பெருஞ்சுமை. அச்சுமையை ஏற்று வாங்கிய விதையும் பொய்க்குமாயின் அவர் என் செய்வர்? ஆதலின், தந்தைப்பயிரை ஆய்ந்து தேர்ந்து நல்விதை தருதல் அறிவியலார் கடனாகும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு மரபணு தவறினும், ஆறு திங்கள் உழைப்பு பதராய்ப் பறந்துவிடும்.