ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

நண்பர்களே, "வகுப்பில்தான் கணக்கு, மலரிலுமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் இன்டக்ரேஷன் எல்லாம் கிடையாது, வெறும் வகுத்தல்தான்.

எங்க ஊர் திருப்பாலைவனம். பக்கத்திலே பழவேற்காடு ஏரி. அங்கே தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வகுத்தல் இல்லாமல் பொழுது போகாது. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. 60 நண்டு கிடைத்தால் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எத்தனை பங்கு போட்டாலும் மீதி இல்லை. அதுவே 64 ஆனால், மூன்று பேருக்குப் பிரித்தாலே ஒன்று மிஞ்சும். அங்கேதான் பேச்சு வளரும்! 60-க்கு 12 வகுத்திகள், 64-க்கு 7தான்.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்ணுக்கு 'மிகு பகு எண்' என்று பெயர். 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் இந்த வகை. வட்டத்தின் 360 டிகிரியும் இதில் சேர்த்திதான். நம்ம மெஷின் ஷாப் டிவைடிங் ஹெட்டின் 40 மட்டும் இந்த வகை இல்லை. அதனால்தான் அறுகோணம் வெட்ட ஆறு சுற்று சுற்றி, 18 துளை வட்டத்தில் இன்னும் 12 துளை தள்ள வேண்டியிருக்கிறது.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், 1915-ல் லண்டனில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6746328388800. கால்குலேட்டர் இல்லாத காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அதில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதைப் பகா எண்களாகப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒரு வகுத்தியில் 2 என்பது ஒரு முறையும் வராமலிருக்கலாம், ஆறு முறை வரையும் வரலாம். ஆக ஏழு வழி. இப்படி ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் போவதைப் பார்த்தீர்களா? ஏறினால் என்ன ஆகும்? பெரிய பகா எண்ணின் அடுக்கைச் சின்னதோடு மாற்றிப் போட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும். அப்புறம் அது மிகு பகு எண்ணாக இருக்க முடியாதே! எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். ஓர் எண் விட்டுப்போனாலும் இந்த விதி அசையவில்லை.

விட்டுப்போனதற்கு முந்தைய மிகு பகு எண் 195545750400. அதற்கு 4608 வகுத்திகள். அடுத்தது 321253732800. இதில் 7-க்கு அடுக்கு ஒன்றாகக் குறைந்து, 23 புதிதாக உள்ளே வருகிறது. பேப்பரும் பேனாவும் எடுத்துப் பிரித்து, வகுத்திகள் 5376 வருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.