கடல் மீன் தொட்டியின் நத்தைகள்

கடல்நீர் மீன் தொட்டியில் நத்தைகளை விடுவது பெரும்பாலும் பாசிக்காக. விளக்கொளியும் மீன்களின் கழிவும் சேரும் இடத்தில் கண்ணாடி, பாறை, மணல் என்று எதையும் பாசி விட்டுவைக்காது. நத்தையின் நாக்கில் வரிசை வரிசையாக நுண்பற்கள் உண்டு; அதைக் கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. ஆனால் எல்லா நத்தையும் பாசி தின்பதில்லை. மீந்த தீனியைப் பொறுக்கித் தின்பவை, புழுக்களை வேட்டையாடுபவை, சிப்பியின் உடல்நீரை உறிஞ்சுபவை, பிற நத்தைகளின் ஓட்டைத் துளைப்பவை எனப் பலவும் உண்டு. கடைகளில் இவற்றில் பல ‘தொட்டி சுத்தம் செய்யும் நத்தை’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

நிறத்தை நம்பி இனம் காண முடியாது. சில மாதங்களில் ஓட்டின் மேல் பாசியும் சுண்ணாம்புப் படிவும் ஏறி நிறமே மறைந்துவிடும். பார்க்க வேண்டியவை ஓட்டின் வாயும், நத்தை உள்ளே சுருங்கியதும் அந்த வாயை அடைக்கும் மூடியும்தான். வாய் வட்டமாக, விளிம்பு வெட்டுப்படாமல் இருந்தால் அது அநேகமாகப் பாசி தின்னி. வாயின் கீழ்முனையில் ஒரு வெட்டோ நீண்ட வாய்க்காலோ இருந்தால் ஊன் தின்னியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வெட்டின் வழியே ஒரு குழாயை நீட்டி, நீரை உள்ளிழுத்து இரையின் வாடையைப் பிடிக்கிறது. செரித், ஸ்ட்ராம்பஸ் இனங்கள் இந்த விதிக்கு விலக்கு. வாயில் வெட்டு இருந்தும் இவை பாசியையும் மணலில் படியும் கசடையும் தின்று வாழும் சாதுக்கள்.

தொட்டிக்கு மிக ஏற்றவை ட்ரோகஸ் நத்தைகள். அடி தட்டையான கூம்பு வடிவம், மெல்லிய பழுப்பு மூடி. அஸ்ட்ரேயாவும் கூம்பு வடிவம்தான். கடைக்காரர்களே இரண்டையும் மாற்றிச் சொல்வதுண்டு. மூடியைப் பார்த்தால் குழப்பம் தீரும்: அஸ்ட்ரேயாவின் மூடி கெட்டியான வெள்ளைச் சுண்ணாம்பு. வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் நத்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. ட்ரோகஸ் மணலில் மல்லாந்து விழுந்தால் தானே புரண்டுகொள்ளும். அஸ்ட்ரேயாவால் பெரும்பாலும் முடியாது. யாரும் எடுத்து நிமிர்த்தாவிட்டால் பட்டினியிலோ நண்டின் பிடியிலோ முடிந்துபோகும்.

டர்போ நத்தைகள் உருண்டையானவை, பசி மிகுந்தவை, நீண்ட முடிப்பாசியைக்கூட மேய்ந்துவிடும். ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளை உருட்டித் தள்ளுவது இவற்றின் குறை. மெக்ஸிகன் டர்போ என்று விற்கப்படுவது கலிபோர்னியா வளைகுடாவைச் சேர்ந்தது. சற்றுக் குளிர்ந்த நீருக்குப் பழகியது. நம் ஊர்க் கோடையில் குளிர்விப்பான் இல்லாத தொட்டியில் அதிக நாள் தாங்காது.

நெரைட்டின் வாய் அரைவட்டமாக இருக்கும். அலை ஏறி இறங்கும் பாறைகளில் வாழ்வதால் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, தொட்டியை விட்டே வெளியேறிவிடும், மேல்மூடி அவசியம். நசாரியஸ் பாசியைத் தொடாது. மணலுக்குள் புதைந்து குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். ஒரு துண்டு இறால் விழுந்ததும் மணல் ஆங்காங்கே குமிழ்ந்து, புதைந்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து வரும். கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் விருந்தினருக்குக் காட்ட விரும்பும் காட்சி இதுதான். இவற்றுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நுண்மணல் வேண்டும்.

பாறைகளோடு தாமே வந்து சேரும் நத்தைகளும் உண்டு. ஸ்டோமடெல்லா இரவில் மேயும் நல்ல பாசி தின்னி. ஓடு சிறுத்து முதுகில் ஒட்டியிருக்கும், தொந்தரவு செய்தால் பல்லியைப் போல உடலின் பின்பகுதியை உதிர்த்துவிட்டு ஓடும். அட்டை என்று நினைத்து இதைக் கொன்றுவிடுபவர்கள் பலர். உண்மையான தொல்லை பிரமிடெல்லா. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வெள்ளைக் கூம்புகள் இரவில் சிப்பி, ட்ரோகஸ் போன்றவற்றின் ஓட்டு விளிம்பில் கூடி உடல்நீரை உறிஞ்சும். மென்மையான தூரிகையால் தினமும் துடைத்தெடுப்பதே எளிய வழி. வெர்மெடிட் நத்தை பாறையோடு ஒட்டிய குழாயாகவே வளர்ந்து, கோழைவலை வீசி இரை பிடிக்கும். அந்த வலை படும் பவளம் சுருங்கும். குழாயை ஒடித்து, வாயைச் சூப்பர் க்ளூவால் அடைத்துவிடலாம்.

கூம்பு வடிவில், அழகான கோலங்களோடு, நீண்டு குறுகிய வாயுள்ள கூம்பு நத்தையை வெறுங்கையால் தொடவே கூடாது. நஞ்சு ஏற்றிய ஊசிப்பல்லைப் பாய்ச்சி இரையைச் செயலிழக்கச் செய்வது இதன் வேட்டை முறை. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனம் கொட்டி மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். நஞ்சுமுறி மருந்து கிடையாது. அதே குடும்பத்தின் இன்னொரு இனத்து நஞ்சிலிருந்து பிறந்த வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்பது தனிக்கதை. மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் சில நத்தை இனங்கள் இருக்கின்றன. கடற்கரையில் பொறுக்கித் தொட்டியில் விடும் ஆசை எல்லா வகையிலும் வேண்டாத வேலை.

வாங்கிய நத்தைகளில் நிறைய முதல் வாரத்திலேயே சாகின்றன. காரணம் பெரும்பாலும் அவசரம். மீனைப் போல உடலின் உப்பளவைச் சீர்செய்துகொள்ளும் திறன் கடல் நத்தைக்கு இல்லை. சுற்றியுள்ள நீரின் உப்பு மாறினால் உடல்நீரும் கூடவே மாறும். எனவே மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கலந்து பழக்க வேண்டும். உப்படர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஓடு வளர லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் இருப்பது நல்லது. தாமிரம் நத்தைக்கு நேரடி நஞ்சு. மீனின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போடுவதானால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே போட வேண்டும். பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும்.

அடுத்த காரணம் பட்டினி. இத்தனை லிட்டருக்கு இத்தனை நத்தை என்று கடைகளில் சொல்லும் கணக்கு விற்பனைக் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்று நான்கு ட்ரோகஸ் போதும். பாசி மீதமிருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டால் உலர்ந்த கடற்பாசித் தாளை ஒரு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி இரவில் வைக்கலாம்.

ட்ரோகஸ் தொட்டியிலேயே பெருகும். முட்டையும் விந்தும் வெளியாகும்போது நீர் பால்போல் கலங்கும்; லார்வாக்கள் உணவு தேடாமல் சில நாளிலேயே பாறையில் இறங்கிவிடுவதால் சில பிழைத்துக்கொள்கின்றன. பல வாரம் நீரில் மிதந்து வளர வேண்டிய பிற இனங்களின் லார்வாக்கள் வடிகட்டியில் சிக்கி அழிகின்றன.

அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பார்த்தால் போதும். செத்திருந்தால் நாற்றம் தாங்காது. உடனே அகற்றாவிட்டால், சிறிய தொட்டியில் அம்மோனியா ஏறி மீன்களையும் பாதிக்கும். துறவி நண்டுகள் இருக்கும் தொட்டியில், காலியான ஓட்டைக் கழுவி மீண்டும் உள்ளேயே போடுவது நல்லது. வேறு ஓடு கிடைக்காவிட்டால் நண்டு உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறிவிடும்.