ஆறாம் நாள் காலை

அடிபட்ட முகத்தோடு ஒரு பெண் நள்ளிரவில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் 'சகி' மையத்தின் கதவைத் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காயத்துக்கு மருத்துவ உதவி, புகார் எழுத ஒரு துணை, சட்ட ஆலோசனை, உட்கார்ந்து கேட்க ஓர் ஆலோசகர் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் உண்டு. படுக்கக் கட்டிலும் உண்டு. ஆனால் அந்தக் கட்டில் ஐந்து நாளைக்குத்தான். திட்டத்தின் விதி அப்படி.

ஆறாம் நாள் காலை அவள் எங்கே போவாள்?

தன் வீட்டுக்குத் திரும்பலாம். அடித்தவன் அங்கேதான் இருக்கிறான். பிறந்த வீட்டுக்குப் போகலாம். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடாத பிறந்த வீடாக அது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தங்கும் இல்லம். இன்று 'சக்தி சதன்' என்று பெயர் மாறியிருக்கும் இந்த இல்லங்களில் மூன்று ஆண்டுவரை தங்கலாம். நாட்டின் பல ஊர்களில் இவற்றைக் காலம்காலமாக நடத்திவந்தவை அரசு அலுவலகங்கள் அல்ல, அரசிடம் மானியம் வாங்கும் தொண்டு நிறுவனங்கள். அங்கே வேகும் சோற்றுக்கு அரிசியும், கட்டடத்துக்கு வாடகையும், வார்டனுக்குச் சம்பளமும் தவணை தவணையாக வரும் அந்த மானியத்தில்தான் ஓடுகின்றன.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். தமிழ்நாட்டில் அது 38.1 சதவீதம். அதைவிட யோசிக்கவைக்கும் கணக்கு ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் வெறும் 14 சதவீதம். 77 சதவீதம் பேர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. போலீஸ் நிலையம் எத்தனை கட்டினாலும் அந்த 77 பேர் படியேறப் போவதில்லை. அவர்களுடைய தெருவுக்கு யாராவது போக வேண்டும். அந்த வேலைக்கு அரசு யாரை நம்புகிறது, அவர்களுக்கு எப்படிப் பணம் கொடுக்கிறது என்பது நீண்ட கதை.

அதன் முதல் அத்தியாயத்தில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. துர்காபாய் 1937-ல் இங்கே ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கியவர், பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், அதன்பின் திட்டக் குழு உறுப்பினர். பெண்கள், குழந்தைகள் நல வேலையை ஊர் ஊராகச் செய்துகொண்டிருந்த சிறு சங்கங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் தர ஒரு வாரியம் வேண்டும் என்று வாதாடினார். 1953 ஆகஸ்டில் மத்திய சமூகநல வாரியம் பிறந்தது. அவரே முதல் தலைவர். அதே ஆண்டு அவர் மணந்துகொண்ட சி.டி. தேஷ்முக் அப்போதைய நிதியமைச்சர் என்பது வரலாற்றின் சின்ன வேடிக்கை. மதராஸ் மாநில வாரியத்துக்கு முதல் தலைவராக வந்தவர், அவ்வை இல்லத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பணம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இருவருமே சொந்தமாகச் சங்கம் நடத்தி, அரிசிக்கும் வாடகைக்கும் அலைந்து பழகியவர்கள்.

அந்த வாரியம் 1983-ல் குடும்ப ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. மையத்தை நடத்துவது தொண்டு நிறுவனம், செலவுக்கு மானியம் வாரியத்தினுடையது. வரதட்சணைக் கொடுமைக்கு எதிராக நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்திருந்த காலம் அது.

அடுத்த ஆண்டு, 1984-ல், மும்பையில் வேறு மாதிரியான சோதனை ஒன்று நடந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம், மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேஜையைப் போட்டுப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை உட்காரவைத்தது. பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு என்று பெயர். அவர்கள் போலீஸ் அல்ல. ஆனால் போலீஸ் வளாகத்தில் இருப்பதால் அவர்கள் கூப்பிட்டால் கணவன் வந்து நின்றான். வழக்குப் போடத் துணியாத பெண்ணும் அந்த மேஜைக்கு வந்து பேசினாள். 2005 முதல் மகாராஷ்டிர அரசின் மகளிர், குழந்தைகள் நலத் துறை இந்த ஏற்பாட்டை மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. பிறகு வேறு மாநிலங்களும் பின்பற்றின. ஒரு நல்ல யோசனை, வெளியாரின் சோதனையாக முளைத்து அரசின் செலவுக் கணக்கில் ஏற 20 ஆண்டுகள் பிடித்தன.

ஏறியது இறங்குவதும் உண்டு. 1980களின் இறுதியில் மத்தியக் கல்வித் துறை 'மகிளா சமக்யா' என்ற திட்டத்தைக் கர்நாடகம், குஜராத், உத்தரப் பிரதேசத்தில் ஆரம்பித்தது. தொடக்கப் பணம் நெதர்லாந்து அரசின் உதவி. திட்டம் கடன் தராது, பொருள் தராது. கிராமத்துப் பெண்களைச் சங்கமாக்கிப் பேசவைப்பதே அதன் வேலை. பேசத் தொடங்கிய பெண்கள் முதலில் பேசியது வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றி. 1995-ல் குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் அவர்களே 'நாரி அதாலத்' என்ற பெண்கள் மன்றத்தைக் கூட்டினார்கள். அதிகம் படிக்காத பெண்கள் மரத்தடியிலும் அலுவலக வளாகத்திலும் உட்கார்ந்து ஜீவனாம்சம், சீர்ப்பொருள், கைவிடப்பட்ட மனைவி என்று வழக்குகளைத் தீர்த்தார்கள். இத்தனை பெயர் வாங்கிய திட்டத்துக்கு 2010களின் நடுவில் மத்திய நிதி நின்றது. ஊரக வாழ்வாதார இயக்கத்தோடு அது கரைக்கப்பட்டது. சில ஆண்டு கழித்து, மத்திய அரசின் 'மிஷன் சக்தி' திட்டத்தின் கீழ் அதே 'நாரி அதாலத்' என்ற பெயரில் அசாமிலும் ஜம்மு காஷ்மீரிலும் சோதனைத் திட்டம் ஒன்று தொடங்கியது. நடுவில் கலைந்துபோன சங்கங்களின் அனுபவத்தை எந்தப் பட்ஜெட்டிலும் திரும்ப வாங்க முடியாது.

சட்டத்தைப் பார்த்தாலும் இதே சாயல்தான். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களை 'சேவை வழங்குநர்' என்று அங்கீகரிக்கிறது. அவர்கள் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம், காப்பகத்தில் சேர்க்கலாம். அதிகாரம் இருக்கிறது, கடமை இருக்கிறது. அந்த வேலைக்கு ஆகும் ஆட்டோ செலவு யாருடையது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். ஆண்டு முடிந்தால் காலாவதியாகாத நிதி. முதல் சில ஆண்டுகள் அதில் பெரும்பகுதியை யாரும் தொடவில்லை. பிறகு செலவு வேகம் பிடித்தது. 2024-25 வரையிலான கணக்கில் ஒதுக்கீடு 7,700 கோடியைத் தாண்டியது, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு செலவாகியிருக்கிறது.

எதற்குச் செலவானது என்பதுதான் சுவாரஸ்யம். இந்த நிதிக்குத் திட்டங்களை முன்வைப்பவை அமைச்சகங்களும் மாநில அரசுகளும். எனவே அவற்றுக்குப் பழக்கமானவையே வரிசையில் முன்னால் வந்து நின்றன: கண்காணிப்புக் கேமரா, அவசர அழைப்பு எண், தடய அறிவியல் ஆய்வகம், விரைவு நீதிமன்றம். சென்னை உட்பட 8 நகரங்களுக்கான 'பாதுகாப்பான நகரம்' திட்டத்துக்கு மட்டும் சுமார் 2,919 கோடி ஒப்புதல் ஆனது. சென்னையின் பங்கு 425 கோடி. இவை எதுவும் வீண் என்று சொல்வதற்கில்லை. இருட்டுச் சந்தில் விளக்கு எரிவதும் பாதுகாப்புதான். ஆனால் வீட்டுக்குள் நடப்பதைத் தெருமுனைக் கேமரா பார்ப்பதில்லை. அதே நிதியில்தான் 2015 முதல் 'சகி' மையங்களும் திறக்கப்பட்டன. ராய்ப்பூரில் முதல் மையம். இன்று 800-க்கும் மேல். உதவி பெற்ற பெண்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, ரிப்பன் வெட்டலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆலோசகரோ பல இடங்களில் ஒப்பந்தப் பணியாளர்.

மானியம் வாங்கும் சங்கத்தின் பக்கம் இருந்து பார்த்தால் காட்சி வேறு. முதலில் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண் வாங்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு, அங்கிருந்து மேலே. பணம் வருவதும் அதே படிகளில்: மத்தியப் பங்கு மாநிலக் கருவூலத்துக்கு வரும், மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும், பிறகு கீழே இறங்கும். முதல் தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் கொடுத்தால்தான் அடுத்த தவணை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதித்தாலும் முதலில் நிற்பது சம்பளம். இல்லத்தில் தங்கியிருக்கும் பெண்களுக்குச் சோறு போடாமல் இருக்க முடியாதல்லவா? கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிவிடலாம். வார்டனிடம் மட்டும்தான் "அடுத்த மாசம் சேர்த்துத் தரோம்" என்று சொல்ல முடியும்.

தாமதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் உதாரணம். அங்கே 181 பெண்கள் உதவி எண்ணில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான பெண்கள் பல மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். 2020-ல் அவர்கள் நடத்திவந்த சேவையே நின்றது. ஊரடங்கில் அடிப்பவனும் அடிபடுபவளும் ஒரே வீட்டில் பூட்டப்பட்டிருந்த ஆண்டு அது.

அரசுக்கும் ஒரு நியாயம் உண்டு. கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முசாஃபர்பூர் காட்டியது. பிகாரின் அந்த ஊரில் தொண்டு நிறுவனம் ஒன்று அரசுப் பணத்தில் நடத்திய சிறுமியர் காப்பகத்தில் 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். ஆண்டுக்கணக்கில் மானியம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காகிதக் கணக்கு அதைக் கண்டுபிடிக்கவில்லை. மாநில அரசே அமர்த்திய டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு, காப்பகம் காப்பகமாகப் போய்க் குழந்தைகளோடு தனியே உட்கார்ந்து பேசியது. 2018-ல் அந்த அறிக்கை வந்த பிறகுதான் கதவு உடைந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ரசீதைச் சரிபார்ப்பது ஒரு தணிக்கை. உள்ளே இருப்பவர்களைக் கேட்பது வேறொரு தணிக்கை. இரண்டாவதற்கும் செலவாகும், நேரமும் ஆகும்.

அமெரிக்கா இந்தச் சிக்கலில் ஒரு பாதியை, அதாவது பணம் யார் யாருக்கு என்பதை, சட்டத்தாலேயே அவிழ்க்கப் பார்த்தது. 1994-ல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாநிலங்களுக்குப் போகும் முக்கிய மானியத்தில் போலீசுக்கு 25 சதவீதம், அரசு வழக்கறிஞர்களுக்கு 25, நீதிமன்றங்களுக்கு 5, பாதிக்கப்பட்டோர் சேவைக்கு 30 என்று குறைந்தபட்சப் பங்கு எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. மீதி மாநிலத்தின் விருப்பம். அந்த 30-ல் ஒரு பகுதி, சிறுபான்மைச் சமூகங்களுக்குள் வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்குப் போயே ஆக வேண்டும். போலீஸ் ஜீப்பும் காப்பகக் கட்டிலும் ஒரே பணத்துக்குப் போட்டி போட்டால் எது ஜெயிக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் சங்கங்கள் வேறு கதவுகளையும் தட்டிப் பார்க்கின்றன. 2013 கம்பெனிச் சட்டம் சமூகப் பொறுப்புச் செலவுக்கான இனங்களில் பாலினச் சமத்துவத்தையும் சேர்த்தது. ஆனால் கம்பெனிகளுக்குப் பள்ளிக் கழிப்பறையும் தையல் மெஷினும் பிடிக்கும். குடும்பச் சண்டை என்றால் தயக்கம். வெளிநாட்டுப் பணத்துக்கு 2020-ல் வந்த சட்டத் திருத்தம் வேறொரு பூட்டுப் போட்டது. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பெரிய அமைப்பின் நிழலில் நின்ற கிராமத்துச் சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டது. 2022-ல் துர்காபாயின் வாரியத்தையும் மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

வன்முறை நடந்தபின் ஓடி வருவதற்கு ஆகும் செலவைக் கணக்கில் காட்டலாம். நடக்காமல் போன வன்முறையை எந்தப் பத்தியில் எழுதுவது? பயன்பாட்டுச் சான்றிதழில் அதற்கு இடமில்லை என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டிலேயே அதை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

1990களில் தர்மபுரி, சேலம், மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை பெரும் கவலையாக இருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வேங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டி, எந்த வட்டாரத்தில் பெண் குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே அதிகமாகச் சாகின்றன என்று பார்த்தார்கள். 1998-ல், டென்மார்க் அரசின் உதவியோடு மாநிலம் நடத்திய சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தர்மபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் கிளம்பியது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி எடுத்து, பாட்டும் தெருநாடகமுமாக ஊர் ஊராகப் போனார்கள். சிசுக்கொலையை மட்டும் திட்டிவிட்டு வரவில்லை. பெண்ணுக்கு ஏன் தட்டில் குறைவாக விழுகிறது, வரதட்சணை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் தர்மபுரியில் பெண் சிசு இறப்பு தெளிவாகக் குறைந்தது. நாடகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் இருந்தது, போலீஸ் வழக்குகள் இருந்தன, கருவிலேயே ஆணா பெண்ணா என்று சொன்ன ஸ்கேன் மையங்கள் கணக்கைக் குழப்பவும் செய்தன. ஆனாலும் குறைந்தது என்று சொல்ல ஆதாரம் இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் ஆணா பெண்ணா என்று குறித்து நோட்டில் எழுதிவைத்திருந்தார். நாடகக் குழு அடுத்த ஊருக்குப் போன பிறகும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய சம்பளம் அரசின் நிரந்தரச் செலவில் இருந்தது.