பாரிஸ் சாந்தும் பளிங்கூசிகளும்

முறிந்த எலும்பைப் பொருத்தும் மருத்துவர், பாரிஸ் சாந்து தோய்ந்த துணியை அதன்மேற் சுற்றுகின்றார். சிறிது நேரத்தில் அது கல்லாகின்றது. ஒல்லாந்துப் படைமருத்துவரான மத்தெய்சன் என்பார் 1852-இல் வெளியிட்ட முறை இது. ஈரம் உலர்வதாற் சாந்து இறுகுகின்றதென்று கருதுவார் பலர். அஃதன்று, நீரினுள் அமிழ்ந்திருப்பினும் அது இறுகும்.

ஜிப்சம் என்னும் தாதுவின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நீரே. சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வாட்ட, அந்நீரில் முக்காற் பங்கு அகலும். எஞ்சும் வெண்பொடியே பாரிஸ் சாந்து. இழந்த நீரை மீண்டும் பற்றுதலே இறுகுதல் என்று லவாசியே 1765-இல் காட்டினார். பற்றும் விதத்தை விளக்கியவர் லெ ஷாட்லியே என்னும் பிரெஞ்சு அறிஞர்.

அவர் கண்டது யாதெனின்: பொடி ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 கிராம் கரையும், ஜிப்சமோ 2 கிராமுக்குச் சற்று மேலாகவே கரையும். ஆகவே பொடி கரையக் கரைய, நீர் ஜிப்சத்தைத் தாங்கமாட்டாது வெளிப்படுத்துகின்றது. அங்ஙனம் பிறக்கும் பளிங்குகள் பக்கங்களிற் பருக்காது நுனியிலேயே விரைந்து நீளுதலின் ஊசி வடிவு பெறுகின்றன. எண்ணிறந்த ஊசிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக்கொள்கின்றன. முள்வேலியின் வலிமை ஒரு முள்ளிலா இருக்கின்றது? அவை நெருக்கித் தள்ளுவதாற் சாந்து இறுகுங்காற் சிறிதே பருக்கவுஞ் செய்யும். அச்சின் நுண்ணிய வரைகளும் வார்ப்பில் விழுவதற்கு அது துணையாகின்றது.

இனி, ஊசியாயின் ஒடியுமன்றோ? சாந்தைக் கலக்குங்கால் இளவூசிகள் முறிகின்றன. முறிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுப் பளிங்குக்கு வித்தாதலின், மிகுதியாகக் கலக்கிய சாந்து விரைவில் இறுகும். கழுவாத கிண்ணத்தில் ஒட்டிய பழஞ்சாந்துத் துகளும் அவ்வாறே செய்யும். பல்மருத்துவர் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுதல் தூய்மைக்காக மட்டுமன்று. எலுமிச்சைப் புளிப்பாகிய சிட்ரிக் அமிலம் சிறிது கலந்தாலோ இறுகல் தாழும். ஆனால் ஊசிகள் குட்டையாகிப் பின்னல் தளரும்.

பின்னல் முற்றிய பிறகு கலக்குவதே கேடு. அப்பொழுது முறிந்தவற்றை மீண்டும் இணைக்கக் கரையாத பொடி போதிய அளவு எஞ்சியிராது. நீர் வார்த்துக் குழைத்தாற் பார்வைக்குப் புதுச்சாந்து போலவே இருக்கும். காலிற் சுற்றினாலோ, உலர்ந்தபின் விரலால் அழுத்தவே உதிர்ந்துவிடும். ஆதலால் இறுகத் தொடங்கிய சாந்தை எறிந்துவிட்டு, வேறு கிண்ணத்திற் புதிதாகவே குழைக்கின்றனர்.