வண்டலூரில் பிறந்த வண்டி

பழைய பொருளொன்றை வாங்குவதற்குப் பணம் போதும். அதனைப் பேணுவதற்கோ பொறுமை வேண்டும். இவ்வுண்மையை நாங்கள் நூல்களில் படித்து அறியவில்லை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த மோட்டார் வண்டியொன்று எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த நாள் தொட்டு, அதுவே எங்களுக்கு ஆசானாயிற்று. அது கற்பித்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

செங்கற்பட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வசித்து வருகிறார். அவருடைய கணவர் 1970-ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், கணவர் மறைந்த பின் தென்னங்கீற்றுக் கொட்டகையில் பதினோராண்டுகள் அசையாமல் நின்றது. இரும்பு வியாபாரிகள் பலமுறை வந்து எடைக்கு விலை பேசினார்கள். அம்மையார் இணங்கவில்லை. உறவினர் ஒருவர் வாயிலாகச் செய்தி அறிந்து நாங்கள் சென்றபோது, விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “ஓட்டுவதற்காக வாங்குகிறீர்களா, பிரிப்பதற்காக வாங்குகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஓட்டுவதற்கே என்றோம். “அப்படியானால் ஓடும்போது ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் தம்பி. எனக்கும் எண்பத்து நான்கு வயதாகிறது” என்றார். அவ்வொரு சொல் எங்கள் மீது கடனாக ஏறிற்று.

தமிழ் மண்ணின் கார்

இக்காலத்து இளைஞர்களுள் பலர் ஸ்டாண்டர்டு என்னும் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கல்கத்தாவுக்கு அம்பாசிடரும் பம்பாய்க்குப் பியட்டும் பெருமை சேர்த்த நாள்களில், சென்னைக்குப் பெருமை சேர்த்தது ஸ்டாண்டர்டு ஆகும். 1948-இல் இங்கிலாந்து நாட்டு ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு இங்கே நிறுவப்பட்ட கம்பெனி, வண்டலூர்த் தொழிற்சாலையில் கார்களை உருவாக்கியது. ஹெரால்டு 1961 முதல் இங்கு வெளிவந்தது. இங்கிலாந்தில் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் 1959 முதல் 1971 வரை விற்கப்பட்ட வண்டியே இதன் மூலம். அதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி. நம் நாட்டில் இதற்கு நான்கு கதவுகள் வைத்துத் திருத்தமும் செய்தார்கள். 1972-இல் கெசல் என்னும் வண்டி இதன் வழித்தோன்றலாக வந்தது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 நிலைத்து நிற்கவில்லை. 1988-இல் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

தாய் வீடு மூடப்பட்ட மகளின் நிலைதான் இவ்வண்டியின் நிலையும். குறை நேர்ந்தால் சென்று கேட்பதற்குத் தொழிற்சாலை இல்லை, ஏஜென்சியும் இல்லை.

ஆயினும் பழுது பார்ப்பவனுக்கு இணக்கமான அமைப்பு இவ்வண்டிக்கு உண்டு. மற்ற உற்பத்தியாளர்கள் அடிச்சட்டத்தையும் உடலையும் ஒன்றாகப் பற்றவைக்கத் தொடங்கிய காலத்தில், டிரையம்ப் கார்களுக்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியின்றி அவர்கள் தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, தகடுகளைத் துண்டு துண்டாக அதன் மேல் போல்ட்டுகளால் முடுக்கினார்கள். அன்றைய நெருக்கடி இன்று எங்களுக்கு நன்மையாயிற்று. துருப்பிடித்த தகட்டை மட்டும் கழற்றிச் செப்பனிட முடிகிறது. முன்பக்க மட்கார்டுகளோடு பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், டயரின் மேல் அமர்ந்துகொண்டே 948 சி.சி. எஞ்சினில் வேலை செய்யலாம்.

ஸ்பானர் சொன்ன பாடம்

முதல் வாரத்திலேயே நாங்கள் ஒரு தவறு செய்தோம். வீட்டிலிருந்த ஸ்பானர்களைக் கொண்டு நட்டுகளைக் கழற்றப் புகுந்தோம். நம்மிடம் இருப்பவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள். வண்டியோ அங்குல அளவில் செய்யப்பட்டது. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். அதன் மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்துவது போலத் தோன்றும். துருப்பிடித்த நட்டில் பலங்கொடுத்தால் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். அவ்வாறு நான்கு நட்டுகளைக் கெடுத்த பின்னரே புத்தி வந்தது. கூவம் கரையையொட்டிய புதுப்பேட்டையில் அங்குல ஸ்பானர்கள் அடங்கிய பழைய செட் ஒன்றை வாங்கினோம்.

அங்கேதான் முதிய மெக்கானிக் ஒருவரின் அறிமுகமும் கிடைத்தது. இளமையில் ஹெரால்டு வண்டிகள் பலவற்றைப் பிரித்துக் கோத்தவர். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். “பாய், இதற்குச் சாமான் கிடைக்குமா?” என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “சாமான் மூன்று வகை ஐயா. அளவு சொல்லி வாங்குவது ஒன்று, செய்துகொள்வது ஒன்று, காத்திருந்து வாங்குவது ஒன்று. எது எந்த வகை என்று தெரியாதவன்தான் பணத்தை இழப்பான்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். கார் பெயரைச் சொன்னால் கையை விரிக்கும் கடைக்காரர், அந்த எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துத் தருவார். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகள் போதும். சக்கரம் 13 அங்குலம். அவ்வளவில் டயர்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. இவையெல்லாம் முதல் வகை.

கேஸ்கட், புஷ், பிரேக் குழாய் போன்றவை இரண்டாம் வகை. கேஸ்கட் தாளைப் பாகத்தின் மேல் விரித்து ஓரமெல்லாம் சுத்தியால் மெல்லத் தட்டினால் உருவம் பதிந்துவிடும், பின் கத்தரித்துக்கொள்ளலாம். செப்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இட்டால் மீண்டும் மென்மையாகிப் பயன்படும். எங்கள் பள்ளிச் சிறுவன் இவ்விரு வேலைகளிலும் தேர்ந்துவிட்டான். பித்தளைப் புஷ்களைக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கினோம்.

மூன்றாம் வகையில் அடங்குபவை பிரேக்கும் ஸ்டியரிங்கும். உயிரைத் தாங்கும் இப்பாகங்களில் ‘ஏறக்குறையப் பொருந்துகிறது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஒரு கடையில் நாங்கள் ஏமாந்ததும் உண்டு. உறை பிரிக்காத பிரேக் ரப்பர் கிட் ஒன்றைப் ‘புத்தம் புதியது’ என்று கொடுத்தார்கள். பாய் அந்த ரப்பரை விரலால் வளைத்துக் காட்டினார். ஓரமெங்கும் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. உறைக்குள் இருந்தாலும் ரப்பர் மூப்படையும். பழைய சரக்கைப் புதியதென்று கருதி மாட்டியிருந்தால், சரியும் பாதையில் பிரேக் மிதி தரையைத் தொட்டிருக்கும்.

இடமும் வலமும்

மூன்று மாதங்களில் எஞ்சின் உயிர் பெற்றது. பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். இந்நிலையில் அம்மையாருக்கு உடல்நலம் குன்றியிருப்பதாக உறவினர் தொலைபேசியில் கூறினார். மறுநாளே வண்டியை எடுத்துச் செல்லத் துடித்தோம். “முன்சக்கரத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது” என்று பாய் தடுத்துவிட்டார்.

ஹெரால்டு வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை ‘ட்ரன்னியன்’ எனப்படும் பித்தளைக் கட்டையினுள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அம்மரையிலேயே சுழலும். அதற்கு இடவேண்டியது கியர் எண்ணெய். 90 எண் எண்ணெய் என்று கேட்டால் கிடைக்கும். கிரீஸ் இடலாகாது. கிரீஸ் மரையின் உட்பகுதி வரை இறங்குவதில்லை, மழைநீர் இறங்கிவிடும். துரு தண்டை அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் யாரோ ஆண்டாண்டாகக் கிரீஸையே அடைத்து வைத்திருந்தார்கள். இடப்புறத் தண்டைக் கழற்றித் துடைத்தபோது, துரு அரித்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டது.

அன்றிரவு வீட்டில் நெடுநேரம் பேசினோம். முப்பது கிலோமீட்டர்த் தொலைவுதானே, மெதுவாக ஓட்டினால் ஆகாதா என்ற எண்ணம் எழாமலில்லை. எங்கள் இல்லத்தரசிதான் முடிவுரைத்தார்: “பின்னிருக்கையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்கு நமக்கு மனம் வருமா? வராதென்றால் நாமும் ஏறக்கூடாது.” அதற்கு மறுமொழி இல்லை.

நல்லவேளையாக இப்பாகம் இன்றும் இங்கிலாந்தில் கிடைக்கிறது. ஹெரால்டின் முன்சக்கர அமைப்பை டிரையம்ப் ஸ்பிட்பயர் போன்ற வண்டிகளும் கொண்டிருந்தன. லோட்டஸ் நிறுவனத்தாரும் தம் பந்தய வகைக் கார்களுக்கு இதனை எடுத்தாண்டனர். அவற்றைப் பேணுவோர் பலர் இருப்பதால் பாகங்கள் புதிதாகவே செய்யப்படுகின்றன. செலவைக் கருதி இடப்புறத்துக்கு மட்டும் எழுதினோம். சுங்க வரியும் கட்டிப் பெட்டியைப் பிரித்தால் மரை ஏறவே இல்லை. ஒரு புறத்துக்கு வலமரை, மறுபுறத்துக்கு இடமரை என்பதே இதன் அமைப்பு. வண்டிக்கு எதிரே நின்று பார்த்து இடத்தை வலமென எழுதி அனுப்பியவர்கள் நாங்களே! ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதே இடவலக் கணக்கு என்பதை அறியாத குறை. பிறர் மேல் பழி சொல்ல வழியில்லை.

மீண்டும் எழுதி மேலும் ஏழு வாரங்கள் காத்திருந்தோம். அவ்விடைவேளையில் வலப்புறத்தையும் கழற்றிப் பார்த்த பாய், அதுவும் அரிக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். தவறி வந்த பாகம் அங்கே சரியாகப் பொருந்திற்று. தவறு செய்திராவிட்டால் அப்புறத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

பெட்ரோலும் காகிதமும்

காத்திருந்த நாள்கள் வீண்போகவில்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு அவ்வீயமே காப்பாக இருந்தது. ஆகவே சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்தோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது; அது பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றினோம்.

காகிதங்களையும் கவனித்தோம். வண்டி இறந்தவரின் பெயரில் இருந்தால் முதலில் 31-ஆம் படிவத்தின் வழியாக வாரிசின் பெயருக்கு மாற்றி, பின்னரே 29, 30-ஆம் படிவங்களால் வாங்குவோர் பெயருக்கு மாற்ற இயலும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அப்பதிவில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் சேரும். ஆயினும் அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. குடும்பத்தோடு வழக்கமாக ஓட்ட விரும்பியதால் நாங்கள் பொதுப் பதிவையே புதுப்பித்துக்கொண்டோம்.

கதவோசை

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டோம். பெருஞ்சாலையில் வண்டலூரைக் கடக்கும்போது, “இது பிறந்த ஊர்!” என்று பிள்ளைகள் கூவினார்கள். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

அம்மையார் கட்டிலில் இருந்தார். எழுந்து வாசலுக்கு வரும் நிலையில் இல்லை. அவரை ஏற்றிச் செல்லவேண்டும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு நெஞ்சு கனத்தது. முன்னரே வந்திருக்கலாமே என்ற எண்ணம் முள்ளாய்க் குத்திற்று. சன்னலுக்கு வெளியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். எஞ்சின் ஓசையைச் சிறிது நேரம் கேட்டவர், “கதவைச் சாத்துங்கள், கேட்போம்” என்றார். சாத்தினோம். “இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டும். அவர் அப்படித்தான் சாத்துவார், அந்த ஓசை கேட்டால்தான் உலை வைப்பேன்” என்றார். மீண்டும் சாத்தினோம். அவர் கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கோரி, முன்சக்கரத்தின் கதையைச் சொன்னோம். “பத்திரமாக வந்தீர்களே, அது போதும்” என்பதே அவர் மறுமொழி.

பழைய கார் ஒன்றை வாங்க எண்ணும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கூற விழைவது இதுவே: பெயின்டைப் பார்ப்பதற்கு முன் அடிப்புறத்தைப் பாருங்கள், ஓட்டுவதற்கு முன் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் செப்பனிடுங்கள், கழற்றிய பாகத்தைப் புதிய பாகம் வந்து பொருந்தும் வரை எறிந்துவிடாதீர்கள், கற்றறிந்த முதியவரின் சொல்லுக்குச் செவி கொடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமையன்று சிறுவன் எண்ணெய்த் துப்பாக்கியோடு முன்சக்கரத்தின் அருகே அமர்கிறான். அதில் கிரீஸ் இல்லை, எண்ணெய்தான் என்பதை ஒருமுறை எங்களிடம் காட்டிவிட்டே வேலையைத் தொடங்குகிறான்.